அத்தை வாசலுக்கு வந்த மைமனிதர்கள்

வேதமாணிக்கம் பெரியப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு, கல்லறைத் தோட்டத்துச் செம்மண் காலில் ஒட்டியிருக்க ஊர்ச்சனம் வீடு திரும்பிய அன்று சாயங்காலமே, அவர் வரைந்து வைத்த நரகத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி நடந்து வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது என் தபீத்தா அத்தை. அத்தை ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருந்தாள், தையல் மிஷினில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை மூட்டிக்கொண்டு. வாசலில் வந்து நின்றது கட்டைவிரல் உயர அத்தை. உடம்பு முழுக்கக் கறுப்பு மைக்கோடு, உள்ளே வெறும் காகித வெள்ளை, அதே ரெட்டைச் சடை, அதே தெற்றுப்பல், தலைக்கு மேலே முட்டை முட்டையாக ஒரு பேச்சுக்குமிழி. குமிழியில் எழுதியிருப்பதையே அவள் கீச்சுக்குரலில் சொன்னாள்: "அண்ணன் சொல்லைக் கேளாமற்போனேனே! ஐயோ, தாகமாயிருக்கிறேன்!"

அத்தை மிஷினை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "கேக்காமத்தான் போனேன், அதுக்கென்ன இப்ப? தண்ணியக் குடி" என்று ஒரு சோடா மூடியில் தண்ணீர் ஊற்றி வாசற்படியில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கையை மூட்டத் தொடங்கினாள்.

எங்கள் கானான்விளையில் பெரியப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கானான்விளைக்கு வெளியே அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் படத்தைப் பார்த்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில், ரயிலில், ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கையில் திணித்துவிட்டுப் போவாரே, உள்ளங்கையளவில் கைப்பிரதி, அது அவருடையதுதான். முதல் பக்கத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டு இருப்பான், நாலாம் பக்கத்தில் லாரியில் அடிபடுவான் (பெரியப்பாவுக்கு லாரி நன்றாக வரும்), கடைசிக்கு முந்தின பக்கத்தில் அக்கினிக் கடலில் நிற்பான். அதற்கு எதிர்ப்பக்கம் பரலோகம். வாசல் திறந்திருக்கும், பொன் வீதி பளபளவென்று கிடக்கும், ஒரு ஈ காக்கா இருக்காது. "ஏன் பெரியப்பா, மோட்சத்துல ஆளே வரையாம விடுதீய?" என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் அங்க இல்ல" என்பார்.

நரகத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்குள் பார்ப்பார். கள்ளுக்கடை சுடலைமுத்து, நகத்துக்குச் சாயம் பூசின டீச்சர், பக்கத்துக் கடற்கரை ஊரில் மாதா சப்பரத்துக்கு கிளாரினெட் வாசிக்கிறவர், எல்லாருக்கும் அச்சு அசலாக அவரவர் முகம். கடற்கரை ஊர்க்காரர்கள் கோபத்தில் ஒரு கட்டுப் பிரதியை மணலில் போட்டுக் கொளுத்தியபோது, பெரியப்பா பலகையை எடுத்துக்கொண்டு போய் எட்ட உட்கார்ந்து, காகிதம் எரியும்போது நெருப்பு நாக்கு எப்படி மடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவருடைய நரகம் இன்னும் அழகாகிவிட்டது. போலீஸ் வந்தது, சபை மேலிடத்திலிருந்து கண்டித்து ஆள் வந்தது, இவர் நிறுத்தவில்லை. அதே மனிதரின் பிரேதத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்தோ வந்த ஒரு லாரி டிரைவர், "ஐயா படத்தப் பாத்துதான்யா நான் குடிய விட்டேன்" என்று அழுததையும் நாங்கள் பார்த்தோம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஊருக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

எல்லாரையும்விட அதிகம் எரிந்தது அத்தைதான். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ராஜாமணி மாமாவோடு போய், சபைக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள், மாமா நெஞ்சுவலியில் போனபிறகு ஒரு தையல் மிஷினோடு திரும்பி வந்து எங்கள் வளவிலேயே பின்வீட்டில் குடியிருந்தாள். முன்வீட்டில் அண்ணன், பின்வீட்டில் தங்கை, நடுவில் ஒரே கிணறு. அவர் சாகும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத வார்த்தையெல்லாம் படமாகப் போனது. எந்தக் கைப்பிரதியாக இருந்தாலும், எத்தனையாவது பதிப்பாக இருந்தாலும், அக்கினிக் கடலின் முன்வரிசையில் ரெட்டைச் சடையோடு அத்தை நிற்பாள்.

இன்னொருவரும் எல்லாப் பிரதியிலும் உண்டு. மூலையில், காதையும் தோளையும் தீ மூடியிருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். அவருக்கு மட்டும் பேச்சுக்குமிழி கிடையாது. அது யார் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டுவோம்.

நான் பெனின்னாள், பென்னி என்றால் போதும். அப்பாவும் அம்மாவும் குவைத்தில் இருப்பதால் அத்தையிடம் வளர்கிறேன், எனக்கு எல்லார் குரலும் வரும். கண்டக்டர் குரலில் விசில் விட்டு பஸ்ஸைக் கிளப்பியிருக்கிறேன், ஹெட்மாஸ்டர் குரலில் லீவு விட்டிருக்கிறேன். பெரியப்பா குரல்தான் இருப்பதிலேயே சுலபம். அவர் வரையும்போது வாய் ஓயாது. ஒரு கட்டத்தை முடித்ததும் தொண்டையைச் செருமி, "ம்க்கும்... முடிஞ்சுது. அடுத்த கட்டம்" என்று சத்தமாகச் சொல்வார், சொன்னால்தான் அவர் கை அடுத்த கட்டத்துக்கு நகரும். ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து நான் அதைச் சொன்னேன். சுடலைமுத்து மாமாவை வரைந்துகொண்டிருந்த கை பாதியில் எழுந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அந்தப் பதிப்பு முழுக்க மாமாவுக்கு ஒரு கால்தான்.

மறுநாள் அந்த ஒற்றைக்கால் சுடலைமுத்து நொண்டியடித்துக்கொண்டு கள்ளுக்கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாட்களில் டீச்சர் வீட்டுக்கு டீச்சர் போனாள், கிளாரினெட்காரரைத் தேடி கிளாரினெட்காரர் கடற்கரைப் பக்கம் போனார், யார் முகமோ அவர் வாசலுக்கே அவர்கள் வந்தார்கள். பெட்டியில் அடுக்கிக் கிடந்த பிரதியிலிருந்தும், வேர்க்கடலை மடித்த பிரதியிலிருந்தும், டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்த பிரதியிலிருந்தும் இறங்கினார்கள். பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டு வந்தார்கள், அரிசி மூட்டையோடு வந்தார்கள், குவைத்திலிருந்து அப்பா அனுப்பிய சோப்புப் பெட்டிக்குள் சுருண்டு படுத்தும் வந்தார்கள். வந்தவர்கள் யாரையும் கடிக்கவில்லை, சபிக்கவில்லை. ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டார்கள். குடித்ததும் அவரவர் வாசலோரம் நிழலாய்ப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஊர் சீக்கிரம் பழகிவிட்டது. கோயில்பிள்ளை தாசையா, கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிறவர், ஈர்க்கு விளக்குமாற்றை விட்டுவிட்டு மயிலிறகுக் கட்டை எடுத்துக்கொண்டார். சைக்கிள்கள் மெதுவாகப் போயின. பெட்டிக்கடையில் சோடா மூடிக்குத் தட்டுப்பாடு வந்தது. சுடலைமுத்து மாமா மட்டும் தண்ணீர் வைக்காமல் கள் வைத்தார். "எங்க சாமியே சுடுகாட்டுலதான் குடியிருக்கு, நெருப்பு எனக்கென்ன புதுசா? என்னட்டி பென்னி, என் இன்னொரு காலு எங்கட்டி?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். சத்தியதாஸ் ஐயருக்குத்தான் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்) சங்கடம். நரகத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே யாராலும் கடக்க முடியாத பிளவு இருக்கிறது என்று வருஷா வருஷம் பிரசங்கம் பண்ணியவர். இப்போது அவர்கள் ஏழரை மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். ஐயர் குரலில் சொல்வதென்றால், "பிரியமானவர்களே... ம்ம்... இதைக்குறித்து... ம்ம்... நாம் ஜெபிப்போம்."

மற்றவர்களுக்கு வந்தது பத்தோ இருபதோ. அத்தைக்கு வந்ததை எண்ண முடியாது. படி நிறைந்தது, வளவு நிறைந்தது, முள்வேலியோரம் நிறைந்து தெருவுக்கு வழிந்தது, பொழுது விடிந்தால் தெருமுனைவரை ரெட்டைச் சடைகள், தெருமுனைவரை தெற்றுப்பற்கள், "அண்ணன் சொல்லைக் கேளாமற்போனேனே" என்று புறாக்கூட்டம் முனகுவதுபோல ஒரே முனகல். அத்தை ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொல்லி அதே மூடியில் ஊற்றினாள். சொட்டுத் தண்ணீர்தான், ஆனால் சித்திரை மாசத்துச் சொட்டு. நான் தினமும் வாளியைக் கிணற்றில் விட்டு, அது தண்ணீரைத் தொடும் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். சத்தம் தினமும் கொஞ்சம் தாமதமாக வந்தது. கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்தோம். பயம் வந்தால் எனக்கு யாராவது ஒருவர் குரல் வந்துவிடும், அந்த நாட்களில் நான் ஊரில் உள்ள எல்லார் குரலிலும் பேசித் தீர்த்தேன், ராத்திரி கண்ணை மூடினாலும் வாளி இறங்கிக்கொண்டே இருந்தது.

சபைக் கமிட்டி செயலர் இம்மானுவேல்துரை ஒருநாள் வளவுக்கு வந்தார். கால் வைக்க இடமில்லாமல் தெருவிலேயே நின்று பேசினார்.

"தபீத்தா, தப்பா நெனைக்காத. பக்கத்து வளவுக் கிணறும் எறங்குது. நீ எங்கயாவது மெட்ராஸ் பக்கம் போயிட்டன்னா, இதுக எல்லாம் ஒம்பின்னால வந்துரும் பாத்துக்கோ."

"நான் போனா பிள்ளய யாரு பாப்பா அண்ணாச்சி?"

"பென்னிய ஹாஸ்டல்ல சேத்துரலாம். அண்ணன் ஒதுக்கி வச்ச மாதிரி நாங்களும் ஒதுக்குதோம்னு நெனைக்கப்பிடாது. ஊரு நல்லதுக்குத்தான். வார ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்."

"போனதுக்கும் வந்ததுக்கும் எம்மேல குத்தம் சொல்லியாச்சு. இப்ப இருக்கதுக்குமா?" என்றாள் அத்தை, பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டே. நூல் கோணலாகச் சுற்றியது.

அவர் இன்னும் அங்கேதான் நின்றார். வாயைத் திறந்தால் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, வந்ததோ பெரியப்பாவின் செருமல். "ம்க்கும்."

தெரு முழுக்க முனகல் நின்றது. அத்தனை ரெட்டைச் சடைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, முதுகை நிமிர்த்தி, என்னை அண்ணாந்து பார்த்தன. கள்ளுக்கடை வாசலில் ஒற்றைக்கால் சுடலைமுத்துகூட சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள். இம்மானுவேல்துரை அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"ஏட்டி, நீ சொன்னா கேக்குதுகளே! அப்ப ஒங்க அத்த எங்கயும் போக வேண்டாம். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப நெருப்புக்குள்ளயே போகச் சொல்லிரு. முடிஞ்சுது சோலி!"

அன்றிலிருந்து ஞாயிறு வரை என்னை யாரும் திட்டவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஐயர் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். நானும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பெரியப்பா குரலில், "எல்லாரும் உள்ள போங்க! தீக்குள்ள போங்க!" என்று ஒத்திகை பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. எனக்குள்ளே வாளி மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தாவணிக்கு ஊக்கு குத்திவிடும்போதுதான் அத்தை சொன்னாள்.

"ஏட்டி, அதெல்லாம் என் மூஞ்சி."

அவ்வளவுதான். ஊக்கைக் குத்திவிட்டு, கிட்டே வந்து நின்ற ஒன்றுக்கு மூடியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

கோயில் வளவில் பூவரச மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. வீட்டில் உள்ள பிரதிகளையெல்லாம் கொண்டுவந்து கடைசி இரண்டு பக்கத்தையும் திறந்து மணலில் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் ஆளில்லாத அக்கினி, வலப்பக்கம் ஆளில்லாத பரலோகம், நடுவில் மடிப்பும் இரண்டு ஸ்டேப்ளர் பின்னும். மூலை ஆள் மட்டும் எல்லாப் பிரதியிலும் அப்படியே முதுகைக் காட்டி நின்றார். அவர் ஒருவர்தான் எதிலிருந்தும் இறங்கவே இல்லை. மைமனிதர்கள் ஊர்வலமாக வந்து மணலில் காத்து நின்றார்கள். முன்னால் அத்தைகள், பின்னாலும் அத்தைகள், நடுவே டீச்சர், கிளாரினெட், யாரோ தாங்கிப்பிடித்த ஒற்றைக்கால் சுடலைமுத்து. கள்ளுக்கடை மாமா வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"ம், சொல்லுட்டி" என்றார் இம்மானுவேல்துரை.

நான் செருமினேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி, தெற்றுப்பல்லால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அத்தை நூலை அறுக்கும்போது வைத்திருக்கும் அதே முகத்தோடு, என்னைப் பார்த்தாள். நான் மூச்சை இழுத்து, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டதைச் சொன்னேன்.

"ம்க்கும்... முடிஞ்சுது. அடுத்த கட்டம்."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்வரிசை ஒருத்தி காகிதத்தில் ஏறி, தீயின் நடுவே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, மடிப்புக்கு வந்து, ஸ்டேப்ளர் பின்னைத் தாண்டி, அந்தப் பக்கம் பொன் வீதியில் கால் வைத்தாள். வைத்ததும் தலைக்கு மேலிருந்த குமிழி சோப்பு நுரை மாதிரி உடைந்தது. அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருத்தி. அத்தைகள் போனார்கள், டீச்சர் போனாள், கிளாரினெட்காரர் போனார், ஒற்றைக்காலால் பின்னைத் தாண்ட முடியாமல் தவித்த சுடலைமுத்தை இரண்டு அத்தைகள் கைத்தாங்கலாகத் தூக்கி விட்டார்கள். வேலிக்கு வெளியே மாமா ஒரு சீழ்க்கை அடித்தார். சனம் முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை, தடுப்பதற்கு என்ன குரலில் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"மோட்சத்துலயா? இவியளா?" என்று இம்மானுவேல்துரை முனகினார். "வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாவ?"

"படத்த வரஞ்சவரு சத்தம்லா அது" என்றார் கோயில்பிள்ளை தாசையா, மயிலிறகுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "நீரும் நானும் என்னத்தச் சொல்ல?"

அன்றைக்குக் கிணற்றில் வாளி சீக்கிரம் தண்ணீரைத் தொட்டது. ஊர் தூங்கியது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் கண்டக்டர் குரலில் ஒரு விசில் அடித்துவிட்டுப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை விடிந்து வாசலைத் திறந்தபோது தெருமுனைவரை முதுகுகள். மூலை ஆள்கள் எல்லாப் பிரதியிலிருந்தும் இறங்கி வந்து, கட்டைவிரல் உயரத்தில், வரிசை வரிசையாக, எங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தீ மூடியிருந்ததால் அதுவரை தெரியாத தோள் இப்போது தெரிந்தது. வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, வாழ்க்கை முழுக்கப் பலகைமேல் குனிந்து வரைந்தவருக்கு இறங்குவதுபோல. காதில் சொருகிய பேனாவும் இருந்தது.

"அண்ணன்" என்றாள் அத்தை.

ஒவ்வொரு நரகத்திலும் அவர் தன்னை வரைந்திருக்கிறார். எல்லாருக்கும் வார்த்தை எழுதிக் கொடுத்தவர் தனக்கு மட்டும் ஒரு வார்த்தையும் எழுதிக்கொள்ளவில்லை, அதனால் வந்து நின்றவர்களுக்குத் தண்ணீர் கேட்கவும் வாயில்லை. அத்தை மூடியில் தண்ணீர் வைத்தாள். சுற்றிப் போய் வைத்தாலும் அந்தப் பக்கமும் முதுகுதான் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் குடிக்க முடியாது, அவர்கள் திரும்பவில்லை. வெயில் ஏற ஏற மைக்கோடு உலர்ந்து வெடித்தது. நான் பெரியப்பா குரலில் "அடுத்த கட்டம்" என்றேன். எல்லா முதுகும் ஒருமுறை நடுங்கியது, ஒரு காலும் நகரவில்லை. தன் குரலில் தனக்கு அவர் அதை வாங்கிக்கொள்ள மாட்டார் போல.

அந்த முதுகுகளை நகர்த்த அத்தையின் குரல்தான் வேண்டும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மெட்ராஸுக்குப் போகச் சொன்ன இம்மானுவேல்துரை இப்போது தலையில் கட்டிய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "தபீத்தா, ஒரு வார்த்த. ஒரே வார்த்த சொல்லிரும்மா. என்ன இருந்தாலும் ஒன் கூடப்பொறந்தவரு."

"மூஞ்சியப் பாத்துதான் பேசுவேன்" என்கிறாள் அத்தை. "வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு கெணறுதான். அத்தன வருசம் முதுகப் பாத்தது போதும். மொதல்ல இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க, பெறவு பாப்போம்."

சொல்லிவிட்டுத் தைக்கிறாள். தினமும் காலையில் மூடிகளில் தண்ணீர் மாற்றுகிறாள். ஒன்றும் குறையாத தண்ணீரை வேலியோரம் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைக்கிறாள். முன்வரிசையில் சில முதுகுகளில் வெடிப்பு இடுப்புவரை இறங்கிவிட்டது. ஆனியிலும் மழை இல்லை. மை எவ்வளவு நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று இம்மானுவேல்துரை என்னைத் தனியே கூப்பிட்டு, காதோரம் குனிந்து, "ஏட்டி பென்னி, ஒனக்குத்தான் ஒங்க அத்த கொரல் அச்சு அசலா வருமே. நீயே சொல்லிட்டா என்னட்டி? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

வரும். அத்தை குரல் எனக்கு நன்றாகவே வரும். அந்தத் தெற்றுப்பல் இடுக்கில் காற்று நுழைந்து வருகிற 'ச'வும், சொல்லுக்கு முன்னால் விடுகிற சின்னப் பெருமூச்சும்கூட வரும். அதனால்தான் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறேன். கையை எடுத்தால் வந்துவிடுமோ என்று கையை எடுக்காமலே சாப்பாட்டுக்குத் தலையாட்டுகிறேன். "என்னட்டி, சத்தமே இல்ல?" என்று சுடலைமுத்து மாமா தெருவிலிருந்து கேட்கிறார். என் குரல் எது என்று யோசித்துப் பார்க்கிறேன், பதில் சொல்ல அகப்படவில்லை.

இப்போது உள்ளே மிஷின் நிற்கிறது. அத்தை புது மூடியோடு வாசலுக்கு வருகிறாள். முன்வரிசையில் படியோரம் நிற்கிற ஒருவரின் இறங்கின தோள், கடுகளவு, இந்தப் பக்கம் அசைந்த மாதிரி இருக்கிறது. காற்றாகவும் இருக்கலாம். அத்தை பார்த்துவிட்டாள். மூடியைக் கீழே வைக்காமல், கையில் பிடித்துக்கொண்டே, முழங்கால் மடக்கிப் படியில் உட்காருகிறாள்.